பி.எஸ்சி. நர்சிங், நாலு வருடம்: பணம் கட்டிய ஒரு அம்மாவின் ரிவ்யூ

என் பெண் பி.எஸ்சி. நர்சிங் முடித்து, நர்சிங் கவுன்சிலில் பதிவு செய்து, வேலைக்குச் சேர்ந்து மூன்று மாதம் ஆகிறது. எங்களுக்கு சேலம் செவ்வாய்ப்பேட்டைப் பக்கம் வீட்டோடு சேர்ந்த சின்ன வெள்ளிப் பட்டறை, கொலுசு வேலை. நானும் எங்கள் வீட்டுக்காரரும் இரண்டு பேருமே பத்தாவதைத் தாண்டாதவர்கள். இந்தப் படிப்பில் சேர்க்கும்போது எங்களுக்கு எதுவும் தெரியாது, கேட்டுச் சொல்லவும் ஆள் இல்லை. அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன், இந்த வருடம் யாராவது பெண்ணையோ பையனையோ சேர்க்க நினைத்தால் உதவும் என்று. கல்லூரியின் பெயரைப் போட மாட்டேன். அங்கே மனசார சொல்லிக் கொடுத்த மேடங்களும் இருக்கிறார்கள், அவர்களுக்குச் சங்கடம் வேண்டாம். படிப்புக்கு மட்டும் மார்க் போடச் சொன்னால் 5-க்கு 4 போடுவேன். நாங்கள் தேர்ந்தெடுத்த இடத்துக்கு இரண்டரை.

பாப்பா ஏன் நர்சிங் கேட்டாள் என்பதைச் சொல்லிவிடுகிறேன். 2021 மே மாதம் என் மாமியாருக்குக் கொரோனா வந்து மூச்சுத் திணறி, ஸ்டீல் பிளாண்ட் வளாகத்தில் அப்போது புதிதாகத் திறந்திருந்த ஆக்சிஜன் படுக்கை மையத்தில் இடம் கிடைத்தது. உள்ளே யாரையும் விட மாட்டார்கள். அங்கிருந்த ஒரு நர்ஸ், தலையிலிருந்து கால் வரை மூடிய அந்த உடையோடு, தினமும் சாயந்திரம் தன் போனிலிருந்தே வீடியோ கால் போட்டு மாமியாரின் முகத்தைக் காட்டுவார். அந்தப் பெண்ணின் முகத்தை நாங்கள் கடைசிவரை பார்க்கவே இல்லை, கண் மட்டும்தான். மாமியார் பிழைத்து வந்தார். பாப்பா அந்த வருடம் பிளஸ் டூ. பொதுத்தேர்வே நடக்காமல், பத்தாவது பதினொன்றாவது மதிப்பெண்ணையெல்லாம் சேர்த்துக் கணக்குப் போட்டு மார்க் கொடுத்தார்களே, அந்த செட். ரிசல்ட் வந்த அன்றே நர்சிங் என்று சொல்லிவிட்டாள்.

சொந்தக்காரர்கள் விடவில்லை. பொட்டைப் பிள்ளையை ராத்திரி டியூட்டிக்கு அனுப்புவாயா, நாளைக்கு மாப்பிள்ளை வீட்டில் என்ன சொல்வார்கள் என்று என் நாத்தனார் வாசலிலேயே நின்று கேட்டார். மூன்று வருட ஜி.என்.எம். டிப்ளமோ போதுமே, செலவும் குறைவு என்று இன்னொருவர். இப்போது தெரிந்ததைச் சொல்கிறேன், முடிந்தால் டிகிரியே படிக்க வையுங்கள். எய்ம்ஸ் மருத்துவமனைகளில் நர்ஸ் வேலைக்கு நடத்தும் நார்செட் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவுடன் எழுதலாம், ஜி.என்.எம். என்றால் இரண்டு வருட அனுபவமும் கேட்கிறார்கள். மேற்கொண்டு எம்.எஸ்சி. போகவும் இதுதான் நேர்வழி.

சேர்க்கைக்கு நாங்கள் போனபோது நீட் கேட்கவில்லை. பிளஸ் டூ மார்க்கை வைத்துத்தான் கவுன்சலிங். சேலத்திலேயே அரசு நர்சிங் கல்லூரி இருக்கிறது, அங்கே கிடைத்தால் கண்ணை மூடிக்கொண்டு சேருங்கள், ஆனால் இடம் கொஞ்சம்தான். எங்களுக்குக் கிடைக்கவில்லை. அப்புறம் பேருந்தில் ஒரு மணி நேரத் தூரத்தில் ஒரு தனியார் கல்லூரி, டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது, அங்கே மேனேஜ்மென்ட் இடம். போய்ப் பார்த்தோம். கண்ணாடி வைத்த கட்டடம், பளபளவென்று தரை, லேபில் கட்டில் போட்டு அதில் பொம்மை நோயாளி படுத்திருக்கிறது, எல்லாம் ஏசி. எங்கள் வீட்டுக்காரர் அந்தப் பொம்மையைப் பார்த்தே மயங்கிவிட்டார், எவ்வளவு வசதி பாரு என்று. அன்றைக்கே அட்வான்ஸ் கட்டினோம்.

நாங்கள் செய்த ஒரே பெரிய தப்பு அது. கட்டடத்தைப் பார்த்தோம், ஆஸ்பத்திரியைப் பார்க்கவில்லை.

இதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்ல வேண்டும். நர்சிங்கில் வகுப்பு ஒரு பங்குதான். முதல் வருடத்திலேயே வார்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள், கடைசி செமஸ்டர் முழுக்கவே இன்டர்ன்ஷிப். டிகிரி கையில் வர வேண்டுமானால் தியரிக்கு 80 சதவீதம் வருகைப்பதிவு போதும், பிராக்டிகலுக்கு 100 சதவீதம், ஒரு நாள் விட்டாலும் ஈடு செய்தாக வேண்டும். ஆக பிள்ளை எங்கே கற்றுக்கொள்கிறது? நோயாளி பக்கத்தில். நர்சிங் கல்லூரிக்குச் சொந்தமாக 100 படுக்கை ஆஸ்பத்திரி வேண்டும் என்றும், ஒரு மாணவிக்கு 3 நோயாளி என்ற கணக்கில் வேண்டும் என்றும் இந்திய நர்சிங் கவுன்சிலின் விதி இருக்கிறது. எங்கள் கல்லூரியிலும் ஆஸ்பத்திரி இருந்தது, படுக்கையும் இருந்தது, போர்டிலும் எழுதியிருந்தது. ஆள்தான் இல்லை. பாப்பா முதல் வருடம் போஸ்டிங் (வார்டுப் பயிற்சி) போய்விட்டு வந்து சொன்னாள், ஒரு பாட்டி அட்மிஷன் ஆகியிருந்தார்களாம், எட்டு பேர் வரிசையாக நின்று ஒருவர் பின் ஒருவராக பி.பி. பார்த்திருக்கிறார்கள். அந்தப் பாட்டி, "ஆளாளுக்குக் கையைப் பிடிக்கிறீங்களே கண்ணு, எனக்குக் காய்ச்சல்தானே" என்று கேட்டாராம். சொல்லும்போது பாப்பாவுக்கு அழுகை வந்துவிட்டது. எனக்கும் வயிறு எரிந்தது. கொலுசு வேலைக்கு வரும் பிள்ளைக்கு வெள்ளியே கொடுக்காமல் வருடக்கணக்கில் படம் காட்டிக்கொண்டிருந்தால் கை எப்படிப் பழகும்?

மூன்றாம் வருடத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்பினார்கள். அங்கேதான் பிள்ளை நர்ஸ் ஆனாள். காஷுவாலிட்டியில் நாலு நாள், லேபர் வார்டில் ராத்திரி, குழந்தைகள் வார்டு, எல்லாம் பார்த்தாள். முதல் பிரசவத்தைக் கூடவே நின்று பார்த்த அன்று ராத்திரி ரெண்டு மணிக்கு எனக்குப் போன் பண்ணினாள். ஒன்றும் சொல்லவில்லை, "அம்மா, சாப்பிட்டியா" என்று மட்டும் கேட்டாள். ராத்திரி ரெண்டு மணிக்கு. எனக்குப் புரிந்தது.

முதல் வருடத்தின் கஷ்டத்தைச் சொல்லாமல் விட முடியாது. பாப்பா அரசுப் பள்ளி, தமிழ் மீடியம். இவர்கள் செட்டுக்கு செமஸ்டர் முறை வந்துவிட்டது, முதல் ஆறு மாதத்திலேயே அனாட்டமி, பிசியாலஜி, சோசியாலஜி, சைக்காலஜி, நர்சிங் ஃபவுண்டேஷன், ஆங்கிலம் என்று ஒரே நேரத்தில் விழுகிறது. எல்லாம் ஆங்கிலத்தில். விடுதியிலிருந்து லீவுக்கு வந்தால் பட்டறையில் என் பக்கத்தில் உட்கார்ந்து எலும்பு பெயர்களைச் சத்தமாகச் சொல்வாள். நான் கொலுசுக்குக் கண்ணி கோத்துக்கொண்டே கேட்பேன். ஹ்யூமரஸ், ரேடியஸ், அல்னா என்று எனக்கே கை எலும்பு மூன்றும் மனப்பாடம் ஆகிவிட்டது. முதல் செமஸ்டரில் ஒரு பேப்பர் போனது. ஒரு மேடம் சாயந்திரம் தனியாக உட்கார வைத்து, தமிழில் புரியவைத்து அப்புறம் ஆங்கிலத்தில் எழுதப் பழக்கினார். அடுத்த முறை எழுதித் தேறிவிட்டாள். தமிழ் மீடியம் பிள்ளை படிக்க முடியுமா என்று கேட்பவர்களுக்கு என் பதில், முடியும், ஆனால் முதல் எட்டு மாதம் வீட்டில் யாரும் அவளைத் திட்டக் கூடாது. அரசுப் பள்ளியில் படித்ததால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாயும் அவள் கணக்குக்கு வந்தது. 2022 செப்டம்பரில் அந்தத் திட்டம் தொடங்கியது, தனியார் கல்லூரி என்றாலும் உண்டு. புத்தகத்துக்கும் ரெக்கார்டு நோட்டுக்கும் அது பெரிய ஆறுதல்.

விளக்கேற்றும் விழாவுக்கு எங்களைக் கூப்பிட்டிருந்தார்கள். வெள்ளை யூனிஃபார்மில் அறுபது பிள்ளைகள் கையில் விளக்கோடு நின்று நைட்டிங்கேல் உறுதிமொழி சொன்னார்கள். ஆங்கிலத்தில் சொன்னதால் எனக்கு விளங்கவில்லை. திரும்பி வரும்போது பஸ்ஸில் பாப்பா ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னாள், நோயாளி வீட்டு விஷயம் எதுவும் வெளியே சொல்ல மாட்டேன் என்பதும் அதில் இருக்கிறதாம். அன்றிலிருந்து இன்றுவரை எந்த நோயாளியின் பெயரையும் அவள் எங்களிடம் சொன்னதில்லை.

அடுத்து, அங்கே நடந்த ஒரு பெரிய தப்பு. இரண்டாம் வருடம் வார்டில் ஊசி போட்டுவிட்டு அப்புறப்படுத்தும்போது பாப்பாவின் விரலில் குத்திவிட்டது. நர்சிங்கில் இது எல்லோருக்கும் நடக்கக் கூடியதுதான், அதற்காக நான் யாரையும் குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்குத்தான் தெரிந்தது, இவர்கள் செட்டில் பாதிப் பேருக்கு ஹெபடைட்டிஸ் பி (ரத்தம் வழியாகத் தொற்றும் கல்லீரல் நோய்) தடுப்பூசியே முழுதாகப் போடவில்லை என்று. மூன்று டோஸ், முதல் ஊசி போட்டு ஒரு மாதத்தில் இரண்டாவது, ஆறாம் மாதம் மூன்றாவது. வார்டுக்கு அனுப்பும் முன்னால் தொடங்கியிருக்க வேண்டாமா? பணம் மட்டும் முதல் வருடமே மெடிக்கல் ஃபீஸ் என்று வாங்கிவிட்டார்கள். பாப்பா பயந்து போய் யாரிடமும் சொல்லாமல் ராத்திரி வரை இருந்திருக்கிறாள், சொன்னால் திட்டுவார்கள் என்று. குத்தினால் உடனே ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவ வேண்டும், பிதுக்கக் கூடாது, உடனே சொல்ல வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மாத்திரை தேவைப்பட்டால் முடிந்தவரை சீக்கிரம், 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும். இதெல்லாம் புத்தகத்தில் இருக்கிறது, ஆனால் பத்தொன்பது வயசுப் பிள்ளைக்குச் சொல்லத் தைரியம் வர வேண்டுமே. அந்த நோயாளிக்கு ரத்தப் பரிசோதனை செய்ததில் ஒன்றும் இல்லை என்று வந்தது, பாப்பாவுக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனாலும் அந்த ரிசல்ட் வரும்வரை நாங்கள் இரண்டு பேரும் கோட்டை மாரியம்மன் கோயில் படியிலேயே உட்கார்ந்திருந்தோம். மறுநாள் நாங்களும் இன்னும் சில பெற்றோரும் கல்லூரி முதல்வர் அறைக்குப் போய்ப் பேசினோம், அடுத்த வாரமே எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். சேர்க்கும்போதே கேளுங்கள், தடுப்பூசி எப்போது போடுவீர்கள் என்று. உங்கள் பிள்ளையிடமும் சொல்லி வையுங்கள், என்ன நடந்தாலும் யார் திட்டினாலும் முதலில் சொல்லிவிடு என்று.

இந்த நாலு வருடத்தில் எனக்குப் பிடித்த காலம், ஏற்காடு மலையில் போட்ட கம்யூனிட்டி போஸ்டிங். அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவு ஏறி, டவுனையும் ஏரியையும் தாண்டி, காபித் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிற மலை கிராமங்கள். ஆளுக்கு இத்தனை வீடு என்று பிரித்துக் கொடுத்துவிடுவார்கள், வீடு வீடாகப் போய்க் குடும்பத்தில் எத்தனை பேர், யாருக்கு என்ன நோய், தண்ணீர் எங்கிருந்து, கர்ப்பிணி உண்டா, குழந்தைக்குத் தடுப்பூசி போட்டாயிற்றா என்று எழுத வேண்டும். நாங்கள் ஏற்காட்டுக்குப் போனால் ஏரியில் படகு விட்டு, மிளகும் காபித்தூளும் வாங்கிக்கொண்டு இறங்கிவிடுவோம், அந்த மலையில் அப்படியெல்லாம் வீடுகள் இருப்பதே பாப்பா சொல்லித்தான் தெரியும். தோட்ட வேலைக்குப் போகும் ஒரு மலையாளி இனத்து (கேரளக்காரர் இல்லை, இந்த மலையின் பழங்குடி) அம்மா முதல் நாள் பேசவே இல்லையாம். இரண்டாம் நாள் இவள் போய் அவர் கூடவே உட்கார்ந்து காபிப் பழம் பொறுக்கி இருக்கிறாள். மூன்றாம் நாள் அவரே கையை நீட்டி, தலை சுற்றுகிறது பாரு என்றிருக்கிறார். ரத்தம் ரொம்பக் குறைவு. ஆரம்ப சுகாதார நிலையத்துக்குக் கூட்டிப் போய், இரும்புச் சத்து மாத்திரையை டீ காபியோடு சாப்பிடாதீங்க, எலுமிச்சம்பழம் போல புளிப்போடு சாப்பிடுங்க என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள். கண்ணாடிக் கட்டடம் இதையெல்லாம் கற்றுக் கொடுத்திருக்காது.

அந்த லீவில் வீட்டுக்கு வந்தவள் முதல் வேலையாக அப்பாவுக்கு பி.பி. பார்த்தாள். 170-க்கு 100. மூன்று முறை பார்த்தாள், அதேதான். அவருக்கு ஒரு தலைவலி கூட இருந்ததில்லை. மறுநாளே டாக்டரிடம் இழுத்துக்கொண்டு போனாள், இன்றைக்கும் மாத்திரை சாப்பிடுகிறார். பட்டறையில் ஆசிட்டும் கேஸ் அடுப்பும் ஒரே மூடிய அறையில் ஓடுவதைப் பார்த்துவிட்டு, ஜன்னலைப் பெரிதாக்கி ஒரு எக்ஸாஸ்ட் ஃபேன் வைக்கும்வரை விடவில்லை. இருபத்தைந்து வருடமாக அந்தப் புகையில் உட்கார்ந்திருக்கிறோம், இதைச் சொல்ல எங்களுக்கு வீட்டில் ஆள் இருந்ததில்லை.

செலவு. எங்களுக்குக் கல்லூரிக் கட்டணம் வருடம் 80,000, விடுதியும் சாப்பாடும் 55,000. அதுக்கு மேல் யூனிஃபார்ம், ஷூ, தேர்வுக் கட்டணம், ரெக்கார்டு, கேஸ் புக், சார்ட், மனநலப் போஸ்டிங்குக்கு வெளியூர் போய்த் தங்கும் செலவு என்று தனியாக வந்துகொண்டே இருக்கும். மொத்தம் ஆறு லட்சத்தைத் தாண்டியது. கல்விக் கடன் வாங்கினோம், 4 லட்சம் வரை அடமானம் கேட்கவில்லை, படிப்பு முடிந்து ஒரு வருடம் கழித்துத் தவணை தொடங்கும். மிச்சத்துக்கு என் நகை போனது, இன்னும் இரண்டு வளையல் மீட்க வேண்டும். விடுதிச் சாப்பாடு சுமார். ராத்திரி டியூட்டி முடித்து வரும் பிள்ளைக்குக் காலையில் ஆறின உப்புமா வைப்பது தப்பு, அதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டோம். மாதம் ஒருமுறை நான் பெட்டி நிறைய தட்டுவடையும் பூண்டுப் பொடியும் கட்டிக் கொடுத்துவிடுவேன், அறையில் எல்லாப் பிள்ளைகளும் சேர்ந்து தட்டுவடை செட் போட்டுச் சாப்பிடுவார்களாம். ஒரிஜினல் சர்டிஃபிகேட்டை மட்டும் கல்லூரியில் விட்டு வைக்காதீர்கள், சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும் என்பதுதான் யு.ஜி.சி. விதி, எங்களுக்கு அதை வாங்க மூன்று நடை ஆனது.

இப்போது சம்பளம். இதில்தான் என் ஒரு மார்க் குறைகிறது, அது கல்லூரி மேலும் இல்லை, பிள்ளை மேலும் இல்லை. தனியார் ஆஸ்பத்திரியில் சேர்ந்திருக்கிறாள், கையில் 14,000. ஐ.சி.யூ.வில் வேலை. வென்டிலேட்டரில் இருக்கும் நோயாளியை ராத்திரி முழுக்கப் பார்க்கிறவளுக்கு 14,000. எங்கள் பட்டறையில் கை தேர்ந்த ஆள் இதைவிட அதிகம் வாங்குகிறார். அரசு வேலைக்கு மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் (எம்.ஆர்.பி.) தேர்வு எழுதி ஒப்பந்தத்தில் சேர்ந்தாலும் மாதம் 18,000, நிரந்தரம் ஆகும்வரை காத்திருக்க வேண்டும். நார்செட் தேறினால் அடிப்படைச் சம்பளமே 44,900, அதற்குத்தான் இப்போது படிக்கிறாள், டியூட்டி முடிந்து வந்து தூக்கக் கண்ணோடு. கூடப் படித்தவர்களில் இரண்டு பேர் ஜெர்மன் மொழி கற்கிறார்கள். வெளிநாடு என்றால் தமிழக அரசின் ஓ.எம்.சி.எல். நிறுவனம் ஆள் எடுத்து அனுப்புகிறது, ஏஜென்டிடம் பணம் கொடுக்கும் முன்னால் அங்கே விசாரியுங்கள். எனக்கு அவள் வெளிநாடு போக மனசில்லை. ஆனால் இந்தச் சம்பளத்தை வைத்துக்கொண்டு போகாதே என்று சொல்ல எனக்கு வாயும் வரவில்லை.

என் நாத்தனார் போன மாதம் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு உடைந்து ஆபரேஷன் ஆனது. பாப்பா தன் டியூட்டி முடிந்ததும் நேராக அங்கே போய், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைத்து, படுக்கைப் புண் வராமல் பார்த்து, முதல் முறை எழுந்து நடக்கும்போது தோள் கொடுத்தாள். நாத்தனார் பழையதைப் பற்றி ஒன்றும் பேசவில்லை, பாப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை.

பக்கத்து வீட்டுப் பெண் இந்த வருடம் பிளஸ் டூ முடித்திருக்கிறாள், அவளும் நர்சிங் கேட்கிறாள். அவள் அப்பா ஒரு கல்லூரியின் நோட்டீஸ் கொண்டுவந்து காட்டினார், அதிலும் கண்ணாடிக் கட்டடம்தான். வெள்ளிக்கிழமை மூன்று பேருமாகப் போகிறோம். கல்லூரி ஆபீசுக்கு அப்புறம் போய்க்கொள்ளலாம், முதலில் அவர்கள் ஆஸ்பத்திரிக்கு, காலை பத்து மணிக்கு, வார்டில் எத்தனை கட்டிலில் ஆள் படுத்திருக்கிறார்கள் என்று எண்ணிப் பார்க்க.